நாலு வரிச் சாட்சி

ஜனவரி 7, செவ்வாய்

வந்து சேர்ந்தேன். உடன்குடியிலிருந்து கிளம்பி இன்று மூன்றாம் நாள். மூன்று விமானம், ஒரு வேன், கடைசி நாலு கிலோமீட்டர் மாடுகூட யோசித்து இறங்கும் சேற்றுப் பாதை. கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. அறுபத்தோரு வயதில் சர்க்கரையையும் வைத்துக்கொண்டு ஆப்பிரிக்காவுக்கு ஊழியம் செய்ய வந்த கோட்டிக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எல்லாம் அந்தக் கன்வென்ஷன் கூட்டத்தால் வந்த வினை. இங்கே பிள்ளைகள் இல்லம் நடத்தும் போதகர் ஜெபசிங் ஐயர் மேடையில் மலாவி தேசத்துப் பிள்ளைகளின் படத்தைக் காட்டி, "தாயில்லாத இந்தப் பிள்ளைகளுக்கு நாலு மாசம் தாயா இருக்க யாரு வருவா?" என்று கேட்டார். முன்வரிசையில் ஒருத்தியும் அசையவில்லை. என் கை தானாக மேலே போய்விட்டது. முப்பத்து நாலு வருடம் நர்ஸாக இருந்தவள் கை, கூப்பிட்ட குரலுக்கு எழும்பிவிடும். தூக்கின கையை இறக்கினால் ஆண்டவர் என்ன நினைப்பாரோ, பக்கத்து வீட்டு எஸ்தர் என்ன நினைப்பாளோ.

பெனிட்டாவிடம் சொன்னபோது, "சரிம்மா, பாத்துப் போங்க" என்றாள். கோயம்புத்தூரில் அவள் வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னாலும் இதையேதான் சொல்லுவாள். ஒரே மகள்.

ஜனவரி 9

பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எடை பார்த்தேன். இருபத்திரண்டு பேர். பதினாறு பேருக்குச் சொறி, எல்லாருக்கும் பேன். சமையல்காரி எஸ்நாத்துக்குத்தான் இங்கிலீஷ் தெரியும். நல்ல தடித்த பொம்பளை, என் வயதுதான் இருப்பாள். பெரிய சட்டியில் சோளமாவுக் களி கிண்டுகிறாள். என்சீமா என்று பேர். நம் ஊர்க் கம்பங்களியைக் கேலி பண்ணினவர்கள் இதை வந்து சாப்பிட வேண்டும். நான் கொண்டுவந்த கருப்பட்டியைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன், இறங்கியது.

கடைசியாக நின்றவள் ஆறு வயதுப் பெண். பேர் அலினாபே. கிறிஸ்துமஸ் கழித்து வந்தவளாம். ஐயர் எழுதி வைத்திருக்கும் சீட்டில், "தகப்பன்: தெரியாது. தாய்: வெள்ளத்தில் மரணம்" என்று இருக்கிறது. எந்த வெள்ளம் என்று எஸ்நாத்திடம் கேட்டேன். பெரிய வெள்ளம் வந்து மூன்று வருடம் ஆகிறது என்றாள்.

பிள்ளையின் தலையில் வரிவரியாகப் பின்னல். யாரோ பொறுமையாக உட்கார்ந்து கறுப்பு நூல் சேர்த்துப் பின்னியிருக்கிறார்கள். போட்டுப் பதினைந்து நாளுக்கு மேல் இராது. பேனுக்காக அதை நான்தான் அவிழ்த்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் அழவில்லை. அவிழ்த்த நூலையெல்லாம் வாங்கிக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டாள். பிறகு மொட்டை அடித்து மருந்து தேய்த்துவிட்டேன்.

ஜனவரி 13

மழை. துணி காயவில்லை. சர்க்கரை 190. பெனிட்டாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

விடியற்காலை ஜெபத்துக்கு எழுந்து ஜன்னலைத் திறந்தேன். காம்பவுண்டைச் சுற்றிக் கள்ளிவேலி. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றாள். இடுப்பில் ஒரு துணி, தோளில் ஒரு துணி, இரண்டும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தன. என்னைப் பார்க்கவில்லை. பெண் பிள்ளைகள் படுக்கும் அறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் ஆள் இல்லை.

காலைக் களி கொடுக்கும்போது அலினாபே வாசல்படியில் அந்த வேலியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மற்ற பிள்ளைகள் சட்டியைச் சுற்றிச் சண்டை போட்டார்கள்.

ஜனவரி 22

இன்றும் நின்றாள். எஸ்நாத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வேலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் யாரையும் பாக்கலையே" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

நான் பார்க்கிறேன், பக்கத்தில் நிற்பவள் பார்க்கவில்லை என்கிறாள். வெள்ளத்தில் போனவள் என்று சீட்டில் இருக்கிறது. துணி சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. கிறிஸ்தவர்களுக்குப் பேய் கிடையாது என்று எனக்குத் தெரியும். ஞாயிறு பள்ளியில் நானே எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இருந்தாலும் ஜன்னலைச் சாத்திவிட்டு, வேதப்புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 24

மழை விட்ட நேரத்தில் வேலி ஓரமாகப் போய்ப் பார்த்தேன். சேற்றில் கால் தடம். வெறுங்கால், குதிகால் அகலம், வலது காலை இழுத்து வைக்கிற நடை. ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நின்றதில் குழி விழுந்து, அதில் தண்ணீர் தேங்கியிருந்தது.

யாராவது சுள்ளி பொறுக்க வந்திருப்பார்கள். ஐயரிடம் சொல்லவில்லை. அவருக்கு ஆயிரம் வேலை.

பிப்ரவரி 2, ஞாயிறு

பக்கத்துக் கிராமத்து ஆலயத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனோம். நானூறு பேர் இருப்பார்கள். மூன்றரை மணி நேர ஆராதனை, ஒருவரும் கடிகாரம் பார்க்கவில்லை. பாட்டென்றால் அப்படி ஒரு பாட்டு. எங்கள் சபையில் இரண்டாம் பாடலுக்கே கொட்டாவி விடுவார்கள். இவர்களுக்குச் சுவிசேஷம் சொல்ல நாம் விமானம் ஏறி வந்திருக்கிறோம். இதை ஐயரிடம் சொன்னேன். "அக்கா, நீங்க வேற" என்று சிரித்தார்.

திரும்பி வரும்போது எஸ்நாத் சொன்னாள்: தையிலிருந்து பங்குனி வரை (நான் நம் கணக்கில் எழுதுகிறேன்) இந்தப் பக்கம் பசிக்காலம். போன வருடத்துச் சோளம் தீர்ந்துவிடும், புதுச் சோளம் முற்றியிருக்காது. பெரியவர்கள் ஒரு வேளை சாப்பிடுவார்கள், சில நாள் அதுவும் இல்லை. பிள்ளைகளை எங்கே சோறு கிடைக்குமோ அங்கே விட்டுவிடுவார்கள்.

"அறுப்புக்கு அப்புறம்?" என்று கேட்டேன்.

"அப்புறம் என்ன, வந்து கூட்டிட்டுப் போவாங்க" என்றாள். பிறகு கூடையைத் தலையில் சரிசெய்துகொண்டு வேகமாக நடந்துவிட்டாள்.

வேறு ஏதோ இல்லத்தைச் சொல்கிறாள் போலும்.

பிப்ரவரி 12

அலினாபேக்கு மலேரியா. 104. இரண்டு நாளாக என் கட்டிலில்தான். ஈரத்துணி, மருந்து, சொட்டுச் சொட்டாய் உப்புச்சர்க்கரைத் தண்ணீர். கண்ணை மூடவில்லை நான். ஆண்டவரோடு கொஞ்சம் உரக்கவே பேசிவிட்டேன்: இதற்காகவா என்னை இவ்வளவு தூரம் கூட்டி வந்தீர், இதை எடுத்துக்கொண்டால் நான் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவேன், அப்புறம் உம்முடைய மற்ற பிள்ளைகளை நீரே பார்த்துக்கொள்ளும்.

காய்ச்சலில் "அமாயி, அமாயி" என்று முனகினாள். இந்த ஊரில் தாயை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். "அம்மான்னு சொல்லுட்டி, அம்மா இங்கதான இருக்கேன்" என்று நெற்றியைத் தடவினேன்.

வேலிப்பக்கத்து ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டேன். பகல் முழுக்க மழை. மழையில் போய் யார் நிற்பார்கள்.

பிப்ரவரி 15

காய்ச்சல் இறங்கிவிட்டது. ஸ்தோத்திரம். காலையில் கண் திறந்து என்னைப் பார்த்து "அம்மா" என்றாள். தமிழில். கஞ்சியை நான்தான் ஊட்ட வேண்டுமாம், எஸ்நாத் ஊட்டினால் வாயை மூடிக்கொள்கிறாள். கள்ளி.

பெனிட்டாவுக்கு ஆறு வயதில் மஞ்சள் காமாலை வந்தபோது நான் சவுதியில் இருந்தேன். ஹாஸ்டல் வார்டன்தான் பார்த்துக்கொண்டார். அந்தப் பதினொரு வருடச் சம்பளத்தில்தான் வீடு கட்டி, அவளைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்து கொடுத்தேன். யாரும் குறை சொல்ல முடியாது.

பிப்ரவரி 26

ஐயர் நல்ல செய்தி சொன்னார். ஐந்து பிள்ளைகளை நம் ஊருக்கே கூட்டிப்போய் போர்டிங்கில் சேர்த்துப் படிக்க வைக்க ஒரு குழு முன்வந்திருக்கிறது. முதல் பேர் அலினாபே. மே மாதம் நான் திரும்பும்போது என்னோடே வரலாம். போர்டிங் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சனி ஞாயிறு என்னிடம் இருக்கலாம் என்றார்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில். மச்சு அறையைச் சுத்தம் பண்ணி வைக்கச் சொல்லி எஸ்தருக்குச் செய்தி அனுப்பினேன். கொசுவலை ஒன்றும் வாங்கச் சொன்னேன்.

தாய் தகப்பன் இருவருமே இல்லாத பிள்ளை என்றால்தான் இந்த அரசாங்கம் விடும். சமூக நல அதிகாரி வந்து விசாரிப்பாராம். அதற்கு முன்னால் ஈஸ்டருக்கு நம் சபையிலிருந்து எட்டுப் பேர் வருகிறார்கள். அவர்கள் முன்னால் பிள்ளைகள் ஒவ்வொருவராக, ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். "அலினாபேங்கிற பேரு நம்ம ஆளுங்க வாயில நுழையாது அக்கா. மெர்சின்னு வச்சுக்குவோம். தமிழ்லயே நாலு வரி சொல்லிக் கொடுத்துருங்க, கேக்கிறவங்க உருகிருவாங்க" என்றார்.

மார்ச் 10

நாலு வரி இதுதான்.

என் பெயர் மெர்சி.
என் அம்மா இறந்துவிட்டார்கள்.
எனக்கு யாரும் இல்லை.
இயேசுவே எனக்குத் தாயும் தகப்பனும்.

என்ன மூளை இந்தப் பிள்ளைக்கு. மூன்றே நாளில் பிடித்துவிட்டாள். ழகரம் இருந்திருந்தால்கூடச் சொல்லியிருப்பாள். அர்த்தம் ஒன்றும் தெரியாது, கிளி மாதிரிச் சொல்கிறாள். "அம்மா" என்ற ஒரு சொல் மட்டும் தெரியும். அந்த இரண்டாம் வரி வரும்போதெல்லாம் என்னைக் கையால் காட்டிச் சிரிக்கிறாள்.

அப்படிக் காட்டக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு சொல்லப் பழக்கினேன்.

மார்ச் 18

ஒரு வாரமாக வேலிப்பக்கம் யாரும் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் களை பறிக்க ஆள் எடுக்கிறார்களாம், ஊரே அங்கே போயிருக்கிறது என்றாள் எஸ்நாத். நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 4

இன்று சாயங்காலம் பாட்டுக் கச்சேரி மாதிரித் தவளைச் சத்தம். ஐயர் வந்து வராந்தாவில் உட்கார்ந்தார். முகம் நன்றாக இல்லை. அவர் மனைவி, பிள்ளைகள் படிப்புக்காகப் பாளையங்கோட்டையில் இருக்கிறார். சின்ன மகன் போனில் பேச மாட்டேன் என்றுவிட்டானாம்.

கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, அந்த அலினாபே விஷயமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சீட்டுல எழுதியிருக்கதெல்லாம் அப்பிடியே..." என்று ஆரம்பித்தார்.

"வேண்டாம் ஐயா" என்றேன். "எனக்கு ஒண்ணும் சொல்லாதீங்க. நான் நர்ஸு. சொறி, பேன், காய்ச்சல், அதோட என் வேலை முடிஞ்சுது."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே இன்னொரு தடவை கழுவியிருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

எட்டுப் பேரும் வந்திறங்கினார்கள். முறுக்கு, அதிரசம், பழைய துணி மூன்று மூட்டை. கூட்டம் பத்து மணிக்கு. பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அலினாபேக்கு வெள்ளைக் கவுன் போட்டுவிட்டிருந்தேன். கையைக் கட்டி, தலையை நிமிர்த்தி, நாலு வரியும் பிசகாமல் சொன்னாள். எட்டுப் பேரும் தேம்பிவிட்டார்கள். செல்வின் அண்ணாச்சி போனில் படம் பிடித்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். எல்லாரையும்விட அதிகம் நான்தான் அழுதேன், எஸ்நாத் வந்து தண்ணீர் கொடுக்கும் அளவுக்கு.

பாத்திரம் ஒதுக்கும்போது எஸ்நாத் கேட்டாள்: "பிள்ளை என்ன சொல்லிச்சு? எல்லாரும் இப்படி அழுறாங்க?"

"ஜெபம்" என்றேன். "ஆண்டவருக்கு நன்றி சொல்லுது."

"நல்ல ஜெபம்" என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை.

ஏப்ரல் 23

அந்தப் படத்தை ஊரில் நாலாயிரம் பேர் பார்த்துவிட்டார்களாம். எஸ்தர் போன் பண்ணிச் சொன்னாள். பெனிட்டாவுக்கும் அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது. பதில் இல்லை.

ஏப்ரல் 28, திங்கள்

ஐயர் டவுனுக்குப் போயிருந்தார். காலை ஒன்பது மணி, நல்ல வெயில். ஒரு பெண் வாசல் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். தலையில் ஒரு மூட்டை. வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள்.

நான் அவள் குதிகாலைப் பார்த்தேன்.

முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மூட்டையை இறக்கி என் காலடியில் வைத்தாள். புதுச் சோளம், வேர்க்கடலை. முழங்காலிட்டு, கையைக் குவித்து மெதுவாகத் தட்டினாள். இங்கே நன்றி சொல்வது அப்படித்தான். எஸ்நாத் வந்து பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"இவ பேரு ஃபைனெஸ். அலினாபேயோட அம்மா" என்றாள் எஸ்நாத். "அறுப்பு முடிஞ்சுது. பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கா. பசிக்காலத்துல சோறு போட்டதுக்கு நன்றி சொல்றா. மலேரியாவுல காப்பாத்தினது நீங்கதான்னு அவளுக்குத் தெரியும். அன்னிக்குப் பூரா வேலிக்கு வெளியதான் நின்னாளாம்."

"முன்னாலயே ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"வேலிப் பக்கம் யாரு வந்தாலும் வெள்ளைக்காரங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு ஐயர் சொல்லியிருக்கார்" என்றாள். அவளுக்கு நானும் வெள்ளைக்காரிதான். "அதோட, உங்களுக்குத் தெரியும்னு நான் நினைச்சேன்."

அலினாபே ஓடி வந்தாள். தாயைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். தாய் கையை நீட்டினாள். பிள்ளை கிட்டே போகவும் இல்லை, விலகவும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாத பிள்ளை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. யார் புதிதாக வந்தாலும் முன்னால் நின்று சொல்ல வேண்டும் என்று பழக்கியிருந்தோம் அல்லவா. கையைக் கட்டிக்கொண்டாள். தலையை நிமிர்த்தினாள்.

என் பெயர் மெர்சி. என் அம்மா இறந்துவிட்டார்கள். எனக்கு யாரும் இல்லை. இயேசுவே எனக்குத் தாயும் தகப்பனும்.

ஃபைனெஸுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மகள் வேறு பாஷை பேசுகிறாள். கை தட்டினாள். எஸ்நாத்திடம் ஏதோ சொன்னாள்.

"இன்னொரு தடவை சொல்லச் சொல்றா" என்றாள் எஸ்நாத்.

இன்னொரு தடவையும் சொன்னாள்.

ஏப்ரல் 29

எழுத ஒன்றுமில்லை.

மே 1

ஃபைனெஸை ஐயர் வந்தபிறகு பேசிக்கொள்ளலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டோம். எஸ்நாத் வீட்டில் தங்கியிருக்கிறாள். ஐயர் வந்து, "அதிகாரி வர்ற வரைக்கும் பொறுங்கக்கா. நம்ம ஊருல அது டாக்டராகும். இங்க என்ன ஆகும், பதினஞ்சு வயசுல கையில ஒண்ணு இடுப்புல ஒண்ணு" என்றார். பொய் இல்லை. அதுதான் கஷ்டம். பொய்யாக இருந்தால் சுலபமாகத் திட்டிவிடலாம்.

அவள் பேயாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இன்று மத்தியானம் ஒரு நிமிஷம் நினைத்தேன். எழுதவே கூசுகிறது. ஆனால் ஜனவரியிலிருந்து நான் நினைத்தது அதுதான். பேயாக இருந்தால் பிள்ளை எனக்கு.

இதையும் எழுதிவிடுகிறேன். பெனிட்டா கல்யாணத்துக்கு அவளோடு ஹாஸ்டலில் படித்த பெண் ஒருத்தி வந்திருந்தாள். என்னைப் பார்த்துத் திகைத்து நின்றாள். "ஆன்ட்டி, நீங்க பெனிட்டாவோட சித்தியா?" என்றாள். அம்மா என்றேன். அந்தப் பெண் முகம் சிவந்து, "அவ ஹாஸ்டல்ல எல்லார்கிட்டயும் எங்க அம்மா செத்துட்டாங்கன்னுதான் சொல்லியிருந்தா" என்றாள். நான் சிரித்தேன். பந்திக்குப் போம்மா, பாயசம் ஆறிவிடும் என்றேன். பெனிட்டாவிடம் இதுவரை கேட்டதில்லை.

அவளாகச் சொல்லிக்கொண்டாள். இந்தப் பிள்ளைக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மே 5, திங்கள்

அதிகாரி வந்தார். ஒல்லியான பெண், தேய்ந்த செருப்பு, கையில் கட்டுக் கடுதாசி. ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தார். அலினாபேயின் சீட்டுக்கு வந்ததும் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். நான்கு மாதம் பிள்ளையைப் பராமரித்த நர்ஸ் என்ற முறையில் என் கையெழுத்து வேண்டும்.

"இந்தப் பிள்ளைக்குச் சொந்தம் யாராவது உயிரோட இருக்கறதா உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

ஐயர் சுவரைப் பார்த்தார். அலினாபே என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். எனக்கு மச்சு அறை கண்ணில் வந்தது. எஸ்தர் வாங்கிய கொசுவலை நீல நிறமாம்.

"அம்மா இருக்கா" என்றேன். "இங்கேருந்து அஞ்சு நிமிஷ நடை. சமையல்காரி வீட்ல உக்காந்திருக்கா."

அதிகாரி பேனாவை மூடினார். மற்ற பிள்ளைகளின் சீட்டை மறுபடி முதலிலிருந்து எடுத்தார். ஒவ்வொரு பேராக எஸ்நாத்தைக் கூப்பிட்டுக் கேட்டார். மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது: இருபத்திரண்டில் பதினாலு பேருக்குத் தாய் இருக்கிறாள். அறுப்பு முடிந்ததால் அந்தப் பதினாலு பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அடுத்த பசிக்காலத்தில் இருப்பதை இருக்கிறபடி எழுதிச் சேர்த்தால் இல்லம் தொடரலாம், ஒரு பிள்ளையும் நாட்டை விட்டுப் போகாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபிறகு ஐயர் குரல் உடைந்துவிட்டது. "என்னக்கா இப்பிடிப் பண்ணிட்டீங்க. அம்மா இருக்குன்னு எழுதினா ஒருத்தனும் அனுப்ப மாட்டான். நான் என்ன எனக்கா கேட்டேன்? அடுத்த ஜனவரியில இதுக பசில கெடக்கும், அப்போ வந்து பாருங்க."

"நான் எழுதுதேன் ஐயா கடிதம்" என்றேன். "தாய் உண்டு, சோறுதான் இல்லன்னு எழுதுதேன். அதுக்கு இரங்காத சபையா நம்ம சபை?"

எங்கள் சபை எப்படிப்பட்டது என்று எனக்கும் தெரியாமல் இல்லை.

மே 6

ஃபைனெஸிடம் போய்ச் சொன்னேன். சொல்லாமல் அனுப்பியிருக்கலாம், எஸ்நாத்கூட வேண்டாம் என்றாள். சொல்லாவிட்டால் அந்த நாலு வரியை அவள் ஊரெல்லாம் சொல்லச் சொல்லிக் கைதட்டுவாள். என்னால் முடியாது.

எஸ்நாத் ஒவ்வொரு வரியாக மாற்றிச் சொன்னாள். இரண்டாம் வரிக்கு வந்தபோது எஸ்நாத்தின் குரலே இறங்கிவிட்டது. உயிரோடு இருக்கும் ஆளைச் செத்ததாகச் சொல்வதை இங்கே வாயாலேயே உச்சரிக்க மாட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஃபைனெஸ் கடலையை உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். எஸ்நாத் சொல்லத் தயங்கினாள். "என்ன சொல்றா, சொல்லு" என்றேன்.

"ஜனவரியில அது உண்மைதானாம்" என்றாள் எஸ்நாத். "அன்னிக்கு அவ செத்தவதானாம். பிள்ளைக்குக் கொடுக்க ஒண்ணும் இல்லாதவ உயிரோட இருந்தா என்ன, இல்லாட்டா என்ன. இப்போ சோளம் விளைஞ்சிருக்கு, வந்துட்டாளாம்."

ஃபைனெஸ் உரித்த கடலையை என் மடியில் ஒரு கை போட்டாள். சாப்பிட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் கடைசிவரை சாப்பிட்டேன்.

மே 8, வியாழன்

காலை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள்.

அலினாபே போகமாட்டேன் என்றுவிட்டாள். தாய் கூப்பிடக் கூப்பிட என் பின்னால் ஒளிந்தாள். இரண்டு கையாலும் என் சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் செய்த வேலை அது. கஞ்சியை நான்தான் ஊட்ட வேண்டும் என்று அவள் சொன்னபோது குளிர்ந்துபோய் உட்கார்ந்தேனே, அந்த வேலை. எஸ்நாத் வந்து தூக்கப் பார்த்தாள், பிள்ளை கடித்துவிட்டது. ஃபைனெஸ் தள்ளியே நின்றாள். பிடித்து இழுக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

ஆகவே நான்தான் பிரித்தேன். கட்டைவிரலை முதலில் எடுக்க வேண்டும். அது வந்துவிட்டால் மற்ற நாலுக்கும் பிடி இருக்காது. இது எந்த நர்ஸிங் பாடத்திலும் கிடையாது. பெனிட்டாவை ஹாஸ்டல் வாசலில் விட்ட அன்று வார்டன்தான் அவள் விரல்களைப் பிரித்தார் என்று இத்தனை வருடமாக எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன், பெனிட்டாவிடமும். வார்டன் அன்று தள்ளித்தான் நின்றார்.

பிள்ளையைத் தாயிடம் கொடுத்தேன். ஆறு வயதுப் பிள்ளையை முதுகில் போட்டு, துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். காலை இழுத்து இழுத்து நடந்தாள். அலினாபே என் பக்கம் திரும்பி "அம்மா, அம்மா" என்று கத்தினாள், தமிழில். பாதை திரும்புகிற வரைக்கும் கத்தினாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு தடவைக்கும் ஃபைனெஸ்தான், திரும்பிப் பார்க்காமல், தன் பாஷையில் பதில் கொடுத்துக்கொண்டே போனாள்.